கண்ணை நம்பிய வான்வழி

நிலத்தில் செல்வோன் வழி தவறினால் நின்று கேட்கலாம். கடலில் செல்வோன் நங்கூரமிட்டு விடியலுக்குக் காத்திருக்கலாம். வானூர்தியில் செல்வோனுக்கோ நிற்பதற்கு இடமில்லை. ஆதலின், எப்போது புறப்படுவது, எங்கே திரும்புவது என்பதே அவன் கற்க வேண்டிய முதற்பாடமாயிற்று.

பேரா மாநிலத்துச் சித்தியவானில் சிறிய விமான நிலையம் ஒன்று உண்டு. மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே, கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு அப்பால், தித்திவங்சா மலைத்தொடர். ஏப்பிரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், நீரிணையின் மேல் இரவில் திரளும் ‘சுமத்திரா’ எனும் சூறைக்காற்று விடியற்பொழுதில் கரையேறுவதுண்டு. பிற்பகலில் மலைகளின் மேல் இடிமேகம் குவியும். ஆற்றையும் சாலையையும் கடற்கரையையும் கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானத்திற்கு இத்தகைய வானம் எத்துணைக் கொடியது என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

1930 மே 5-ஆம் நாள், எமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் இலண்டனை அடுத்த குரோய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவிற்குத் தனியே புறப்பட்டார். அவரிடம் வானொலிக் கருவி இல்லை. இரங்கூனை நெருங்கியபோது பருவமழை கண்ணை மறைத்தது. இறங்க வேண்டிய குதிரைப் பந்தயத் திடலைக் காணாது, இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் பாய்ந்து சேதமுற்றது, உயிர் தப்பியது. செப்பனிட்ட பின், பாங்காக் வழியே மலாயாத் தீபகற்பத்தைக் கடந்து மே 18-இல் சிங்கப்பூரையும், 24-இல் டார்வினையும் அடைந்தார்.

மேகத்துள் புகுந்தவர் தடுமாறுவது ஏன்? மனிதனின் உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. உடல் திரும்புவதை உணர்த்துபவை இவையே. ஆயினும் விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பின், அவ்வுணர்வு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். அடிவானம் தெரியாத விமானி, தாம் நேரே செல்வதாக எண்ணியபடியே சுழன்று கீழிறங்குவார். 1926-இல் அமெரிக்கப் படை விமானி வில்லியம் ஆக்கர், சுழல் நாற்காலிச் சோதனையில் இவ்வுண்மையைத் தம் உடலாலேயே அறிந்தார். 1929 செப்டம்பர் 24-இல் ஜிம்மி டூலிட்டில், வெளியுலகைக் காணாது கருவிகளை மட்டும் நோக்கி விமானத்தை ஏற்றியும் இறக்கியும் காட்டினார். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சியற்ற 20 பேரை மேகத்துள் பறப்பது போன்ற நிலையில் சோதித்தது. இருபதின்மரும் விமானத்தைக் கட்டுப்படுத்த இயலாது போயினர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள்.

அனுபவம் மட்டும் காப்பாகாது என்பதற்கு எமி ஜான்சனின் முடிவே சான்று. 1941 சனவரி 5-ஆம் நாள், பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள கிட்லிங்டனுக்கு விமானமொன்றைக் கொண்டு சென்றவர், தீய வானிலையில் வழி தவறி, தேம்சு ஆற்று முகத்துவாரத்தின் குளிர்நீரில் மாண்டார். உடல் கிடைக்கவில்லை. இரங்கூன் மழையில் தப்பியவரைத் தாய்நாட்டு மேகம் விழுங்கிற்று.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இத்துயர் ஓயவில்லை. 2021 டிசம்பர் 8-இல் சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற இந்திய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் மேகத்துள் புகுந்த விமானி திசையுணர்வு இழந்ததே காரணம் என விசாரணைக் குழு கண்டது.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். வானில் செல்வோர்க்கும் இம்மூன்றும் பொருந்தும். இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியோர், மரப்பட்டை நனைந்த காலையில் கூலி போயினும் கத்தியை எடுக்கமாட்டார். இருண்ட மேகத்தைக் கண்டு திரும்பும் விமானியும் அவ்வாறே பயணத்தை இழக்கிறார். தம்மை நம்பி ஏறியோரின் உயிரைக் காக்கிறார்.