ஏட்டில் ஏறிய எழுத்தும் ஏறாத ஓசையும்

உமறுப் புலவர் பிறந்த ஊர் கீழக்கரை என்பாரும் உளர். விளாத்திகுளம் வட்டத்து நாகலாபுரம் என்பாரும் உளர். அவ்வழக்கை நாம் இங்கே தீர்க்கப் புகவில்லை. நாகலாபுரமும், அவர் வாழ்ந்து அடக்கமான எட்டயபுரமும் ஒரே கரிசல் மண்ணின் ஊர்கள். ஓசையை எழுத்தில் பெயர்த்து வைப்பது பற்றிச் சிந்திக்க இம்மண்ணைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது.

சீறாப்புராணம் 5,027 விருத்தங்களைக் கொண்டது. காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் 1842இல் அதனை அச்சேற்றும் வரை, அது ஓலையிலிருந்து ஓலைக்கே பெயர்க்கப்பட்டு வந்தது. பெயர்த்தெழுதியவர் கடத்தியது எழுத்தையும் யாப்பையும் மட்டுமே; பாடிய இராகத்தை அன்று. விருத்தத்திற்கு அதனால் பெரிய இழப்பில்லை. சந்தம் சொல்லிலேயே கிடக்கிறது. இராகம் பாடுவோர் விருப்பம்.

கீர்த்தனையின் நிலை வேறு. அதற்கு ஓசையே உடல். இதனை நன்குணர்ந்தவர், உமறுவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே எட்டயபுர அரண்மனையில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர். 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் அவருடைய தெலுங்கு நூல், ஸ்வரங்களை மட்டும் அடுக்கிவிட்டு அமையவில்லை. கம்பிதத்திற்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல், ஒரிகை என ஒவ்வொரு கமகத்திற்கும் தனிக் குறி இட்டது. வீணையின் எந்த மெட்டில் நின்று தந்தியை இழுப்பது என்பது வரை விளக்கியது. ஆசிரியர் 1906இல் மறைந்தார். அதன்பின் நூல் தானே பேச வேண்டியதாயிற்று. சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் அதனைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது; இன்றும் அந்நூலைத் திறப்போர் அக்குறிகளை நம்பியே பாட முயல்கின்றனர்.

இம்முயற்சி முஸ்லிம் உலகுக்குப் புதிதன்று. பக்தாதில் கடைசி அப்பாஸிய கலீஃபாவின் அவையிலிருந்து, 1258இல் ஹுலாகுவின் படையெடுப்புக்கும் தப்பி, 1294இல் மறைந்த ஸஃபிய்யுத்தீன் அல் உர்மவீ, ‘கிதாபுல் அத்வார்’ நூலில் சுருதிக்கு அப்ஜத் எழுத்தையும் கால அளவுக்கு எண்ணையும் இட்டுப் பண்களைக் குறித்தார். திருக்குர்ஆன் ஓதல் இசையன்று. எனினும் குறிக்கும் ஓசைக்கும் உள்ள தொலைவை நம் வாசகர் ஓதுதலிலேயே அறிவர். மத்துக் குறி ‘நீட்டு’ என்கிறது. எவ்வளவு நீட்டுவது என்பது உஸ்தாதின் வாயிலிருந்தே வருகிறது.

இன்று கணினியில் இசை எழுதும் மென்பொருள்கள் இத்தொலைவைக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு அடுக்குகளாக்கியுள்ளன. ஒன்று, தாளில் அச்சாகும் குறி. மற்றொன்று, விசைப்பலகையில் வாசித்தபோது பதிந்த ஒலிப்புத் தரவு: ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு அழுத்தத்தில், எத்துணை முந்தி அல்லது பிந்தி, எவ்வளவு வளைந்து ஒலித்தது என்பது. 1983இல் வந்த மிடி முறையில் அழுத்தம் 127 படிகளுக்குள் அடங்கும். சுருதி வளைவுக்கோ 16,384 படிகள் உண்டு. நம் கமகம் குடியிருக்கத் தக்க இடம் இவ்வளைவே.

ஒரு பகுதியை வயலினிலிருந்து குழலுக்குப் படியெடுக்கும்போது இத்தரவும் உடன் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். வில்லின் அழுத்தம் குழலில் பொருந்தாது ஒலிக்கும். அதனாலேயே தரவை மட்டும் நீக்கும் வசதியும் வைத்தனர். நீக்கினால் தாளில் எதுவும் மாறாது. மென்பொருள் பின்னர் குறிகளை மட்டும் பார்த்து வாசிக்கும். அதற்கு நொக்கு தெரியாவிடின் அவ்விடத்தை நேராகவே வாசித்துக் கடந்துவிடும். எழுதியது எவ்வளவு சொல்கிறது என்பது அப்போதுதான் வெளிப்படும். தீட்சிதர் நூல் 1906 முதல் எதிர்கொண்டுவரும் சோதனையும் இதுவே என்பது நம் கருத்து.

1988 முதல் விற்பனையில் இருந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் எழுதி வைத்தோர் பிற மென்பொருளுக்குக் கோப்புகளைக் கடத்தப் பெரிதும் நாடுவது மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் வடிவம். அது முதன்மையாக எழுத்தைக் கடத்துவது. மிடிக் கோப்போ ஓசையைக் கடத்தும், குறிகளைக் கைவிடும். கரிசலின் பாடல்களைக் கணினியில் ஏற்ற முனைவோர் இரண்டு வடிவிலும் படியெடுத்து, அதன்பின் ஒலிப்புத் தரவை நீக்குதல் வேண்டும். நீக்கியபின் மூலப் படி மீது சேமித்துவிட்டால், பாடியவரின் வளைவுகளை எந்தக் குறியைக் கொண்டும் மீட்க இயலாது.