ஓசி இடமும் சொந்தப் பேரும்

ஓசியில இடம் கிடைச்சா விடுவோமா நாம? :-) தொண்ணூறுகள்ல அந்த இடம் ஜியோசிட்டீஸ். 1999ல யாஹூ வாங்குச்சு. 2009 அக்டோபர்ல ஜப்பான் தவிர மத்ததை இழுத்து மூடிட்டாங்க. முகவரியும் அவங்களோடதுங்கறதால, பக்கத்தை வேற இடத்துக்கு மாத்தினவங்களோட பழைய சுட்டியும் செத்துப்போச்சு.

2006ல சொந்த டொமைனுக்கு கூகுள் இலவச மெயில் கொடுத்துச்சு. 2012 டிசம்பர்ல புதுசா யாரையும் சேர்க்கறதை நிறுத்திருச்சு. ஆனா இங்கே பேர் நம்மளோடது. பழைய மெயிலை இறக்கி வச்சுக்கிட்டு, எம்எக்ஸ் பதிவை மாத்தினா, அதே முகவரிக்கு வர்ற புது மெயில் வேற நிறுவனத்துல வந்து சேரும்.

மரக்காணத்துல உப்பு விக்கிற எங்க சித்தப்பா இப்போ வெப்சைட் கேட்கிறார். நான் சொன்னது: டொமைனை உங்க பேர்லயே பதிஞ்சு, வருஷா வருஷம் மறக்காம புதுப்பிங்க. நாலு பக்கத்துக்கு இருக்கறதுலயே மலிவான ஹோஸ்டிங் போதும். மெயில் தனியா இருக்கட்டும். உப்பளக் குத்தகை மாதிரிதான், இடம் கைமாறும். உங்க பேரைத் தேடி வர்ற வியாபாரி மாறக் கூடாது.