உதவியவரும் பாடியவரும்: நாட்டுப்புறப் பாடகரின் ஒலிப்பதிவு வரலாற்றில் திருப்புமுனை எது?

திரைப்படப் பின்னணிப் பாடகர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவோர் முதல் இசைத்தட்டு, முதல் வெற்றிப் பாடல், முதல் விருது என்று மைல்கற்களை வரிசைப்படுத்துவது வழக்கம். நாட்டுப்புறப் பாடகருக்கும் அதே அளவுகோலை வைத்தால் கணக்குத் தவறும். பின்னணிப் பாடகர் பாடும் பாட்டுக்குக் கவிஞர் உண்டு, இசையமைப்பாளர் உண்டு. தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஆசிரியர் பெயர் கிடையாது. அங்கே பாடுபவருக்குச் சொந்தமானவை அவர் குரலும், கேட்டவற்றை அவ்வப்போது கோத்துப் பாடும் திறமும்தான். ஆகவே அவருடைய ஒலிப்பதிவு வரலாற்றில் முதலில் கேட்க வேண்டியது, பதிவோடு பாடியவர் பெயர் எப்போது சேர்ந்தது என்பதே. அந்த அளவுகோலில் திருப்புமுனையை உண்டாக்கியது ஒலிநாடாதான், திரைப்படம் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் சென்னைக்கு வந்தபோது தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சற்று மேலும்தான் அடங்கும். நாடக மேடைப் பாட்டும் கீர்த்தனையும் அந்த அளவுக்குச் சுருங்கிக் கொடுத்தன. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் தட்டுகளால் ஊர் ஊராக அறியப்பட்டது அப்படித்தான். வேலைப் பாட்டு அவ்வாறு சுருங்காது. முந்திரித் தோப்பும் மானாவாரிக் காடும் சூழ்ந்த, அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் போன்ற வட்டாரத்தில் களை பறிக்கும் பெண்கள் பாடினால், ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் நீளத்தை முடிவு செய்வது கொல்லையின் நீளம். வேலை முடியும் வரை அடிகள் பிறந்துகொண்டே இருக்கும். தட்டு இதை ஏற்கவில்லை. ஏட்டில் ஏற்றியது அச்சு. பெர்சி மாக்குவீன் திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' 1958இல் வந்தது. நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. வானமாமலை நூலில் பாடல்களின் அடியில் 'சேகரித்தவர்' பெயரும் இடமும் தரப்பட்டிருக்கும். சிலவற்றில் 'உதவியவர்' என்ற பெயரும் உண்டு. அக்காலத்துக்கு அது பெரிய நேர்மை. ஆனாலும் அந்தச் சொல்லையே கவனிக்க வேண்டும்: ஏட்டுக்கு வந்ததும் பாட்டைத் தந்தவர் உதவியவராகிவிடுகிறார்.

பாடியவரைப் பாடியவர் என்றே ஊரறியச் சொன்ன முதல் ஊடகம் வானொலி. திருச்சி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் பாடுபவரின் பெயரைச் சொல்வது சிறிய வழக்கமாகத் தோன்றலாம். அதன் பலனுக்குக் கொல்லங்குடி கருப்பாயி சான்று. சிவகங்கைப் பகுதிச் சிற்றூரிலிருந்து வந்து வானொலியில் பாடி அறியப்பட்ட அவரை இயக்குநர் பாண்டியராஜன் 'ஆண்பாவம்' (1985) படத்தில் நடிக்கவும் பாடவும் வைத்தார். கலைமாமணி விருது 1993இல் வந்தது. படத்துக்கு முன்பே பெயர் நின்றுவிட்டது என்பது இங்கே முக்கியம். ஆனால் வானொலிக்கு ஒரு குறை இருந்தது. ஒலித்த பாட்டு காற்றோடு போகும். நாடா நிலையத்தில் இருக்கும்; பாடியவர் கையிலும் இராது, கேட்டவர் கையிலும் இராது.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், எழுபதுகளின் இறுதி தொடங்கி நம் சிற்றூர்களில் பரவியது. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் கிடைத்தது. சிறு முதலில் பதிவு செய்யலாம். கடைத்தெருவிலேயே நகல் எடுக்கலாம். அட்டையில் பாடியவரின் படமும் பெயரும் முன்னால் நின்றன. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் களத்தில் திரட்டிய பாடல்களும், புஷ்பவனம் குப்புசாமி – அனிதா இணையரின் பாடல்களும் இவ்வழியாகவே வீடுகளுக்குள் வந்தன. கே.ஏ.குணசேகரன் 'தன்னானே' குழுவின் மூலம் நாட்டுப்புற மெட்டைச் சமூக நீதியின் குரலாக்கினார். திருவிழா மைக் செட்காரர் குழாயைக் கட்டி முதலில் போடும் கேசட்டுகளில் இவையும் சேர்ந்தன. படக் கம்பெனியைக் கேட்காமல் நாட்டுப்புறப் பாடகர் தம் பெயரில் சந்தைக்கு வந்தது அப்போதுதான்.

'புகழைத் தந்தது சினிமாதானே' என்று மறுப்பவர் உண்டு. அதில் பாதி உண்மை. ஆண்டிமடத்துக்கு வடக்கே, மாவட்ட எல்லைக்கு அப்பால், விருத்தாசலம் பகுதி முதனையில் பிறந்த வேல்முருகன் 'சுப்ரமணியபுரம்' (2008), 'நாடோடிகள்' (2009), 'ஆடுகளம்' (2011) என்று பாடித் தமிழகம் முழுதும் அறியப்பட்டார். கிடாக்குழி மாரியம்மாளை 'கர்ணன்' (2021) ஒரே பாட்டில் எங்கும் கொண்டுபோனது. மேடைக்கான கூலியும் அதனால் உயர்ந்திருக்கும். ஆனால் திரைப்பாட்டின் மெட்டும் சொல்லும் வேறொருவருடையவை. பாடகரிடம் கேட்கப்படுவது குரலின் மண்வாசனை மட்டும். எதைப் பாடுவது, எவ்வளவு நேரம் பாடுவது, எந்த அடியை நீட்டுவது என்ற முடிவு அவர் கையில் இல்லை. சினிமா குரலைப் பெரிதாக்கியது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது கேசட்.

இன்னொரு மறுப்பு ஆய்வாளர்களுடையது: பதிவு, மாறிக்கொண்டே இருக்கும் பாட்டை ஒரே வடிவத்தில் உறைய வைக்கிறது என்பர். உறைதல் அச்சிலேயே தொடங்கிவிட்டது. அச்சு ராகத்தையும் மூச்சையும் குலவையையும் சேர்த்தே இழந்தது. கேசட்டில் கேட்ட பாட்டை அடுத்த ஊர்க்காரர் தம் ஊர்ப்பெயரும் சாமிபெயரும் சேர்த்துப் பாடுவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. ஒரு வடிவம் பதிவாவதால் மற்ற வடிவங்கள் சாவதில்லை. பாடும் சந்தர்ப்பம் போனால்தான் அவை சாகும். நடவுக்கும் களைக்கும் இயந்திரமும் மருந்தும் வந்ததன் பழியை ஒலிநாடாவின் மேல் போடுவது முறையன்று.

பாடியவர் பெயரே அளவுகோல் என்ற வாதத்தின் பக்கமே சட்டமும் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் காத்தது. பாடுபவருக்கு அதில் தனி உரிமை இருக்கவில்லை. 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞர் உரிமையைக் கொண்டுவந்தது. தம் நிகழ்வுக்குத் தம்மையே உரியவராக அடையாளம் காட்டக் கோரும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. ஆசிரியர் இல்லாத பாட்டுக்குச் சட்டத்தில் பாடுபவர் பிடித்துக்கொள்ளக்கூடிய கொம்பு இந்த நிகழ்த்துகலைஞர் உரிமைதான். இன்று ஆண்டிமடம் பக்கத்துத் திருவிழாப் பாட்டும் இழவு வீட்டு ஒப்பாரியும் கைப்பேசியில் பதிவாகி, பெரும்பாலும் பெயரின்றி ஊர் சுற்றுகின்றன. கருவி வளர்ந்தும் நாம் 'உதவியவர்' காலத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறோம். பதிவு செய்பவர்கள் பாடியவரிடம் இசைவு கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் நாளையும் பதிவிலேயே சொல்லிவைக்க வேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.