கல்லைத் தேடிய குமாரசுவாமி

சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் டைனோசர் பார்க்கும் பிள்ளைகளைக் கனியக் கூடத்துக்கும் கூட்டிச்செல்லுங்கள். அங்கே ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிச் சொல்லுங்கள்.

சேர் முத்து குமாரசுவாமியின் மகனான இவர் 1877இல் கொழும்பில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்து, தாயின் நாடான இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியல் படித்து, இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளரானார். அங்கே அவர் கண்ட ஒரு கனியத்தை யூரேனியக் கனியம் என்றே முதலில் எண்ணினர். நூதனசாலைக்கு அண்மையில் அந்நாளில் இயங்கிய இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டின் பணிப்பாளர் டன்ஸ்டன், அதில் தோரியமே மிகுதி எனக் கண்டு, 1904இல் 'தோரியனைட்' என்று பெயரிட்டார்.

கல் தேடி ஊர் ஊராய்ச் சென்றவர், கிராமத்துக் கைவினைகள் அழிவதையும் கண்டார். பின்னாளில் உலகறிந்த கலை அறிஞரானார்.

'கல்லைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?' என்று பிள்ளையிடம் கேட்குமுன் இவரை நினையுங்கள்.