கிபிர்: கும்மிடிப்பூண்டியில் கேட்ட ஒரு சத்தத்தின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்னு போட்டுட்டு வந்து உட்காருங்க.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்திருக்கீங்களா? இரும்பு ஆலைகள் நிறைய. பழைய இரும்பை லாரியில இருந்து கொட்டினா தரையே அதிரும். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போச்சு.

ஒருநாள் அப்படி ஒரு லோடு கொட்டுறப்போ, என் முன்னால பிரஷர் பார்க்க உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று குனிந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வயது ஐம்பதுக்கு மேல். இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். மூதூர் பக்கம் சொந்த ஊர். 2006ல் படகில் வந்தவர்.

நிமிர்ந்ததும் வெட்கத்தோடு சொன்னார்: "ஒண்டுமில்ல டொக்டர். கிபிர் வாற மாதிரி கேட்டுது."

கிபிர்.

ஈழத்துச் சொந்தங்களிடம் பேசியவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். போர் விமானம் என்றே சொல்ல மாட்டார்கள், "கிபிர் அடிச்சது" என்பார்கள். ஆனால் அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஹீப்ரு. சிங்கக்குட்டி என்று அர்த்தம்.

இஸ்ரேல் நாட்டு விமானத்தின் பெயர் மூதூர் அம்மாவின் வாயில் எப்படி வந்தது? அதற்கு அரபு - இஸ்ரேல் சண்டையின் வரலாற்றுக்குள் போகணும். வாங்க.

1917ல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவோம் என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்தது. அங்கே அப்போது பெரும்பான்மையாக வாழ்ந்தது அரபு மக்கள். பிறகு ஹிட்லர் 60 லட்சம் யூதர்களைக் கொன்றான். தப்பியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 1947 நவம்பரில் அந்த மண்ணை இரண்டாகப் பிரிக்க ஐ.நா. தீர்மானம் போட்டது. யூதத் தலைமை ஏற்றது, அரபுகள் மறுத்தார்கள். 1948 மே 14ல் இஸ்ரேல் பிறந்தது. மறுநாளே அரபு நாடுகளின் படைகள் இறங்கின. அந்தப் போர்க்காலத்தில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீட்டை இழந்தார்கள். சாவியைக் கையோடு எடுத்துட்டுப் போனவங்க நிறைய பேர், நாலு நாளில் திரும்பிடலாம்னு நினைச்சுத்தான். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தச் சாவி முகாமில்தான் இருக்கிறது.

இப்போ விமானத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் இஸ்ரேலுக்குப் போர் விமானம் கொடுத்தது அமெரிக்கா இல்லை, பிரான்ஸ். 1967 ஜூன் 5 காலையில் இஸ்ரேல் விமானங்கள் போய், சில மணி நேரத்தில் எகிப்தின் விமானப்படையைத் தரையிலேயே நொறுக்கின. அன்று பறந்தவை ஏறக்குறைய எல்லாமே பிரான்ஸ் தயாரிப்பு. ஆறே நாளில் காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், சினாய், கோலான் எல்லாம் இஸ்ரேல் கையில்.

ஆனா பிரான்ஸ் அதிபர் டி கால் அந்தப் போருக்கு முன்பே ஆயுதத் தடை போட்டுவிட்டார். இஸ்ரேல் ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டிய 50 மிராஜ் 5 விமானங்கள் கடைசி வரை போய்ச் சேரவில்லை.

இஸ்ரேல் என்ன செய்தது? நாமே செய்வோம் என்று இறங்கியது. மிராஜ் எஞ்சினின் வரைபடங்களைச் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஃப்ராவன்க்னெக்ட் கடத்திக் கொடுத்தார். 1969ல் பிடிபட்டு ஜெயிலுக்கும் போனார். முதலில் நெஷர் என்று ஒரு விமானம். அது 1973 போரில் பறந்தது. பிறகு அதே மிராஜ் உடம்புக்குள் அமெரிக்காவின் ஜே79 எஞ்சினைப் பொருத்தி, 1975ல் உலகத்துக்குக் காட்டினார்கள். அதுதான் கிபிர்.

புதிய அமெரிக்க விமானங்கள் வந்ததும் இஸ்ரேலுக்கு இது பழசாகிவிட்டது. பழசானால் விற்கணும் இல்லையா? கொலம்பியா, ஈக்வடார் வாங்கின. 1996ல் இலங்கையும் வாங்கியது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்க. 1970ல் சிறிமாவோ அரசு இஸ்ரேல் உறவையே முறித்துக்கொண்டது. 1984ல் ஜெயவர்த்தன காலத்தில், கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஒரு சிறிய பிரிவு திறக்கப்பட்டது. இலங்கைப் படைகளுக்கு இஸ்ரேலியர்கள் பயிற்சி கொடுத்தார்கள். 1990ல் பிரேமதாச அதை மூடினார். முழுத் தூதரக உறவு வந்தது 2000ல்தான். உறவு இல்லாத காலத்திலேயே விமான வியாபாரம் நடந்திருக்கு!

இன்னொரு பக்கம் பார்த்தால், 1970களின் பிற்பகுதியிலேயே ஈரோஸ் இயக்கத்து இளைஞர்கள் லெபனானில் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார்கள். தங்கள் போராட்டத்தின் சாயலை அங்கே பார்த்தவர்கள் அவர்கள். ஆக, மத்திய கிழக்குச் சண்டையின் இரண்டு தரப்பும் இலங்கைக்கு வந்து சேர்ந்தன.

2006 ஏப்ரல் 25. கொழும்பு ராணுவத் தலைமையகத்தில் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல். அன்றே சம்பூர், மூதூர் கிழக்கில் குண்டு விழ ஆரம்பித்தது. அந்த அம்மா ஓடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

டாக்டராக ஒன்று சொல்லிடறேன். ஆபத்தின் சத்தத்தை மூளையின் அமிக்டலா என்ற பகுதி பதிய வைத்துக்கொள்ளும். இருபது வருஷம் கழித்தும், அறிவு யோசிக்கும் முன்பே உடம்பு குனிந்துவிடும். இது பயந்த சுபாவம் கிடையாது. காஸாவில் வளரும் பிள்ளைக்கும், ராக்கெட் சைரனுக்கு நடுவே இஸ்ரேலில் வளரும் பிள்ளைக்கும் இதேதான். மாத்திரை உண்டு, மனநல சிகிச்சை உண்டு, பலன் கிடைக்கும்.

முகாம் பற்றியும் ஒரு வார்த்தை. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அந்த அம்மாவின் மகன் இங்கேதான் பிறந்தான், சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. பாஸ்போர்ட் கேட்டால் கிடைக்காது.

இந்தக் கதையை அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் அது சிங்களப் பேரெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன்."

பிரஷர் 150/90 இருந்தது. ஒரு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை காலையில், லாரி வர்றதுக்கு முன்னாடி வரச் சொல்லியிருக்கிறேன்.