அண்ணாமலை நகர்: பல்வரிசை, தாடைச் சீரமைப்பு மருத்துவம்

பேச்சு வழக்கில் ‘பல்லுக்குக் கம்பி கட்டுவது’, ‘கிளிப் போடுவது’ எனப்படும் சிகிச்சை, பல் மருத்துவத்தில் தனிப் பட்டமேற்படிப்பு உள்ள துறை. எத்துப்பல், தெத்துப்பல், உள்ளடங்கிய கீழ்த்தாடை, மேல்தாடையை முந்தி வளர்ந்த முகவாய் எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். கடலூர் மாவட்டத்தில் இத்துறைக்கு இடம் அமைந்தது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம், 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரபியுத்தீன் அகமது 1920இலேயே கல்கத்தாவில் தொடங்கியிருந்தார். சென்னை அரசுக் கல்லூரி 1953இல் வந்தது.

இங்கெல்லாம் கற்பிக்கப்படும் நோயறி முறைக்கு அமெரிக்காவே மூலம். எட்வர்டு ஆங்கிள் 1899இல் வகுத்த மூன்று வகைகளைத்தான் இன்றும் நோயாளியின் சீட்டில் முதலில் எழுதுகிறார்கள். மேல்வரிசையின் முதல் பெரிய கடவாய்ப்பல் கீழ்ப்பல்லின் உரிய பள்ளத்தோடு பொருந்தினால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை. முந்தினால் மூன்றாம் வகை. கன்னத்தை விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். குறையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது: பல் நிற்கும் இடத்தைச் சொல்லுமே தவிர, தாடையெலும்பு நிற்கும் இடத்தைச் சொல்லாது. ஆங்கிளுக்குப் பிடிவாதமும் உண்டு. அழகிய முகத்துக்கு அவர் காட்டிய மாதிரி, அப்போலோவின் பளிங்குச் சிலை. பற்கள் முழுவதும் இருந்தால்தான் முகம் பொலியும், ஒன்றையும் பிடுங்கக் கூடாது என்பது அவர் கட்சி.

எலும்பை அளக்க 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும், தலையைச் சட்டத்தில் அசையாமல் நிறுத்தி, மாறாத தொலைவிலிருந்து பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கும் முறையை அந்த ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். ஒரே பிள்ளையின் படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டு வளர்ச்சியைக் கணிக்க வழி பிறந்தது. படத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, மண்டையோட்டு அடிப்பகுதி, மூக்கின் வேர், இரு தாடைகளின் முன்பள்ளங்கள் ஆகியவற்றில் புள்ளி குறித்துக் கோணம் பார்ப்பார்கள். 1953இல் ஸ்டைனர் தந்த கணக்குப்படி மேல்தாடைக்கு 82 பாகை, கீழ்த்தாடைக்கு 80, வித்தியாசம் 2. வித்தியாசம் கூடினால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது அல்லது மேல்தாடை முந்தியிருக்கிறது; கழித்தல் குறிக்குப் போனால் நேர்மாறு.

இந்த எண்கள் யாருடைய முகத்திலிருந்து வந்தவை என்று தமிழ்நாட்டில் கேட்டே ஆக வேண்டும். டௌன்ஸ் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற பகுப்பாய்வு, வெள்ளை அமெரிக்கப் பதின்வயதினர் 20 பேரை அளந்து செய்தது. தென்னிந்தியரிடையே முன்பற்களும் உதடுகளும் சற்று முன்னால் இருப்பது சாதாரணம். அந்த அட்டவணையை அப்படியே வைத்தால், பற்கள் செவ்வனே பொருந்திய ஒரு சிதம்பரத்துப் பெண்ணின் முகமும் பிறழ்வு என்றே பதிவாகும். இங்குள்ள மக்களுக்கென அளவுகளைத் தனியே எடுக்கும் ஆய்வுகள் இந்தியக் கல்லூரிகளில் பின்னர் நடந்தன. புதுக் கம்பிகளைவிட நமக்கு அவசியமாயிருந்த வேலை அதுதான்.

சிகிச்சையின் அடிப்படை இது: பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார்ச்சவ்வு இருக்கிறது. மெல்லிய விசையைத் தொடர்ந்து கொடுத்தால் அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரையும், எதிர்ப்பக்கத்தில் புதிதாகப் படியும். ஸ்வீடனின் சாண்ட்ஸ்டெட் 1904 வாக்கில் நாய்களில் இதைக் காட்டினார். விசை மிகுந்தால் சவ்வில் ரத்த ஓட்டம் நின்று, பல் நகர்வதும் தடைப்படும்.

பல் எடுப்பதா வேண்டாமா என்ற சண்டையை ஆங்கிளின் மாணவர்களே திருப்பிப் போட்டார்கள். நேராக்கிய பற்கள் மறுபடி சாய்வதையும் உதடு துருத்துவதையும் கண்ட சார்லஸ் ட்வீட், நான்கு சிறு கடவாய்ப்பற்களை எடுத்துவிட்டு அதே நோயாளிகளுக்கு மீண்டும் சிகிச்சை செய்தார். அடிலெய்டின் ரேமண்ட் பெக், கரடான உணவால் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்கள் தேய்ந்து இடம் விடுவதைச் சுட்டி, மெத்தென்ற உணவுக்காரருக்குப் பல் எடுப்பது அந்தத் தேய்மானத்துக்கு ஈடு என்று 1954இல் வாதிட்டார். வாதம் இன்று ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் அவருடைய மெல்லிய வட்டக்கம்பி முறை இந்தியக் கல்லூரிகளில் பல்லாண்டு கோலோச்சியது. முன்துருத்தல் மிகுந்த நாட்டில் அது எடுபட்டதில் வியப்பில்லை. ஆண்ட்ரூஸ், சிகிச்சையே தேவைப்படாத 120 நல்ல பல்வரிசைகளின் அச்சுகளை ஆராய்ந்து 1972இல் ஆறு இலக்கணங்களைச் சொன்னார். பல்லின் சாய்வைப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டிலேயே அமைத்த அவர் முறை, பெக் முறையை ஓரங்கட்டியது.

கம்பி பல்லை நகர்த்தும், தாடையை நகர்த்தாது. வளரும் பிள்ளைக்குப் பின்தங்கிய கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் கழற்று கருவிகள் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளார்க் 1977இல் உருவாக்கிய ட்வின் பிளாக் அவற்றில் பெயர் பெற்றது. வளர்ச்சி நின்றபின் வந்தால், பெரிய பொருத்தமின்மைக்கு அறுவைதான் வழி. கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை ஓப்வெகேசர் 1950களில் நிலைநிறுத்தினார்.

அண்ணாமலை நகரில், பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் அதே வளாகத்தில் 1985இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழக நிர்வாகத்தை மாநில அரசு ஏற்றது. மருத்துவ மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பிறகு, 2021 தொடக்கத்தில் இரு கல்லூரிகளும் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறின. பல் மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரி. கட்டடம் நிற்பது பழைய இடத்தில்தான். கம்பி கட்டியவர் ஏறத்தாழ இரண்டாண்டு, மாதம் ஒருமுறை வந்து முடுக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், காட்டுமன்னார்கோவில்காரருக்குச் சென்னையைவிட இது எவ்வளவு பக்கம் என்பது சிறிய விஷயமன்று.