கிணறு பொது, நடை பொது: உத்திரமேரூர் பக்கத்துல ஒரு வீடு

உத்திரமேரூர்னா எல்லாருக்கும் குடவோலை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டுகள். வாரியத்துக்கு வர என்ன தகுதி வேணும்னு அதுல விவரமா இருக்கு. வயசு, வேதப் படிப்பு, கணக்குக் காட்டாதவனுக்குச் சொந்தக்காரனா இருக்கக் கூடாது, இதெல்லாம் நிறைய பேர் பேசியாச்சு. இன்னைக்கு நமக்கு வேண்டியது ஒரே ஒரு தகுதிதான். வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும்.

அது பிராமணர் சபை, ஆண்கள் மட்டும் உட்கார்ந்த சபை. ‘உலகின் முதல் ஜனநாயகம்’னு ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி இதையும் சேர்த்துக்கோங்க.

சரி, அந்த வீட்டுக்காரர் செத்துப்போறார். ரெண்டு பசங்க, வீடு ஒண்ணு. நடுவுல சுவர் எழுப்பிட்டா யாருக்கு எது? அந்தக் கல்வெட்டு இதைப் பேசல. பேசினவங்க வேற இடத்துல இருக்காங்க.

அங்க போறதுக்கு முன்னாடி எங்க தாத்தா வீட்டைச் சொல்லிடறேன். உத்திரமேரூருக்குப் பக்கத்து கிராமம். திண்ணை, நடை, முற்றம், கூடம், பின்னாடி தோட்டம், தோட்டத்துல கிணறு. பாகம் பிரிச்சப்ப கூடத்துக்கு நடுவுலயே சுவர் வந்துடுச்சு. ஒரு பக்கத்து ஜன்னலைத் திறந்தா அரை அடியில செங்கல். பாகப்பிரிவினைப் பத்திரத்துல ‘ஏ’ ஷெட்யூல் எங்க அப்பாவுக்கு, ‘பி’ ஷெட்யூல் சித்தப்பாவுக்கு. கடைசியில ஒரு வரி: கிணறும் நடையும் பொது. இருபது வருஷச் சண்டை மொத்தமும் அந்த ஒரு வரியிலதான். கிணத்துல மோட்டார் போட்டா கரண்ட் பில் யாரு கட்டுறது? நடையில பைக் நிறுத்தலாமா? சுவர் மட்டும் ஒருநாளும் தகராறு பண்ணல.

இது எங்க வீட்டு விசேஷம்னு நினைச்சிருந்தேன். அப்புறம்தான் மிதாட்சரம் பத்திப் படிச்சேன். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்துல, அதாவது 1100ஐ ஒட்டி, விஞ்ஞானேஸ்வரர் எழுதின உரை. நம்ம ஊர் கோர்ட்டுகள்ல இந்துக் குடும்பச் சொத்து வழக்குகளுக்கு ரொம்ப காலம் இதுதான் அடிப்படை. அதுல பிரிக்கக் கூடாத பொருள்கள்னு ஒரு பட்டியல் வருது. பட்டியல் மனு காலத்துது, விளக்கம் இவரோடது. தண்ணீர், அதாவது கிணறு மாதிரியானது: விலை போட்டுப் பிரிக்காதே, முறை வச்சு எடுத்துக்கோ. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போய் வர்ற வழி: அதையும் பிரிக்காதே. எங்க வீட்டுப் பத்திரத்தோட கடைசி வரி அப்படியே அங்க இருக்கு!

ஆனா அதே பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு. பெண்கள். அடிமைப் பெண்கள்னு உரை விளக்குது. எண்ணிக்கை சமமா வரலன்னா முறை வச்சு வேலை வாங்கிக்கணுமாம். கிணத்துக்குச் சொன்ன அதே விதி. படிச்சுட்டு லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

வெள்ளைக்காரன் சட்டம் இந்த வீட்டுச் சண்டைக்குப் புதுசா சிலதைச் சேர்த்துச்சு. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவு: கூட்டுக் குடும்ப வீட்டுல ஒருத்தர் தன் பங்கை வெளியாளுக்கு வித்தா, அந்த வெளியாள் உள்ள வந்து கூடக் குடியிருக்க முடியாது. 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவு: அவர் பாகம் கேட்டு கேஸ் போட்டா, அந்தப் பங்கை வீட்டுக்காரங்களே கோர்ட் வைக்கிற விலைக்கு வாங்கிக்கலாம். வீட்டுக்குள்ள அந்நியன் வரக் கூடாதுங்கறதுதான் கவலை.

அந்த வீட்டுல பிறந்த பொண்ணு? அவளையும் கிட்டத்தட்ட அந்நியராத்தான் வச்சிருந்தாங்க. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பங்கு குடுத்துச்சு. ஆனா 23ஆம் பிரிவுல ஒரு பூட்டு. குடும்பமே குடியிருக்கிற வீடுன்னா, ஆண் வாரிசுகள் பிரிச்சுக்க முடிவு பண்ற வரைக்கும் மகள் பாகம் கேட்கக் கூடாது. கல்யாணமாகி புருஷன் வீட்டுல இருக்கறவளுக்கு அங்க தங்குற உரிமையும் கிடையாது. பேப்பர்ல பங்கு, வாசல்ல பூட்டு.

தமிழ்நாடு 1989லயே மகளைப் பிறப்பால பங்காளி ஆக்குச்சு. பெருமையான விஷயம்தான். ஆனா அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அது இல்ல. 2005ல மத்திய அரசுத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துச்சு, 23ஆம் பிரிவையும் தூக்குச்சு. அதுக்கு முன்னாடி போட்ட வழக்குலயும் இனி அந்தப் பூட்டு செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2009ல சொன்னது, தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு வழக்குலதான். 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமில்லன்னு 2020 ஆகஸ்ட்ல இன்னொரு தீர்ப்பு வந்துச்சு.

எங்க அத்தைக்கு ‘சி’ ஷெட்யூல்னு எதுவும் இல்ல. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. இந்த எபிசோடுக்காக அவங்ககிட்ட சட்டத்தையெல்லாம் விளக்கிட்டு, “தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பீங்களா அத்த?”ன்னு கேட்டேன்.

“தெரியாம என்னடா? கேட்டிருந்தா என் பொண்ணுக்கு சீர் எடுத்துக்கிட்டு உங்கப்பன் வந்திருப்பானா?”

அப்பா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டரை ஆஃப் பண்ணச் சொல்லிட்டார்.

அடுத்த வாரம் அதே ஊர்தான். கல்வெட்டுல வர்ற ஏரி வாரியம் என்ன வேலை பார்த்துச்சுன்னு பேசலாம்.